ஊருக்குப் போன 5 நாளும் ஆய் போகவில்லை

பள்ளி திறக்கிற ஜூன் முதல் வாரத்தில் என் கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். லீவுக்குச் சொந்த ஊர் போய்விட்டுச் சென்னை திரும்பிய 2, 3 வயதுக்காரர்கள். பொங்கல், தீபாவளி முடிந்த வாரத்திலும் இதே கூட்டம்தான், கொஞ்சம் சின்னதாக. சளி, காய்ச்சல் என்று வருபவர்கள் இல்லை இவர்கள்.

போன வருடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். வயது இரண்டரை. "மூணு நாளா லூஸ் மோஷன் டாக்டர். ஜட்டியெல்லாம் கறை. மெடிக்கல்ல மருந்து வாங்கிக் குடுத்தோம், நிக்கவே இல்ல" என்றார் அம்மா. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் மெதுவாக நகர்ந்து எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் விரல் நுனியில் எம்பி, தொடை இரண்டையும் இறுக்கினான். முகம் சிவந்துபோனது. "பாருங்க, இப்படித்தான் அடிக்கடி முக்குறான்" என்றார் அப்பா.

அவன் முக்கவில்லை. வந்ததை உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாகக் கல் மாதிரி ஒரு கட்டி. மலம்தான். "கடைசியாக நல்லா போனது எப்போ?" என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்று அம்மாவும், அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்று பாட்டியும் இருந்திருக்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்ததில், ஊரில் இருந்த 5 நாளும் போகவில்லை என்று வந்தது.

காரணம் பெரிய மர்மம் இல்லை. இங்கே ஃபிளாட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மேல் குட்டி சீட் போட்டு, ஸ்டூலில் கால் ஊன்றி ஒரு மாதமாக அழகாகப் போய்க்கொண்டிருந்தவன். ஊரில் கழிப்பறை புறவாசலில். மங்கலாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, சுவரில் பல்லி, தரையில் அவன் இடுப்பு அகலத்துக்கு ஒரு குழி. கதவைத் திறந்து காட்டியதுமே அழுதிருக்கிறான். "நீ பெரிய பையன் ஆயிட்ட, இனிமே டயாபர் கிடையாது" என்று அம்மா உறுதியாக நின்றிருக்கிறார். பையனும் உறுதியாக நின்றுவிட்டான்.

மலம் உள்ளே தங்கத் தங்க, அதிலிருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் இறுகும், நான்காம் நாள் கெட்டிப்படும். அப்புறம் வெளியே வந்தால் வலிக்கும், சமயத்தில் ஆசனவாயில் கீறி ஒரு சொட்டு ரத்தமும் வரும். வலித்தது குழந்தைக்கு மறக்காது. அடுத்த முறை உணர்வு வந்ததும் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நாளாக ஆக மலக்குடல் விரிந்துபோய், நிரம்பியிருக்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடும். அடைத்த கட்டியைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து இளகிய மலம் கசியும். அதைத்தான் பெற்றோர் லூஸ் மோஷன் என்று நினைத்து, நிறுத்த மருந்து கொடுக்கிறார்கள். அடைபட்ட குழாய்க்கு இன்னொரு அடைப்பு.

பயணத்துக்கு முன்னால் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் நனைவதைப் பற்றித்தான். ரயில் சீட் ஈரமாகிவிடுமே, சித்தப்பா வீட்டு சோபா என்ன ஆகும், கல்யாண மண்டபத்தில் பட்டுப் பாவாடை போச்சே. நனைந்தால் துணி மாற்றிக்கொள்ளலாம். அடக்கினால்தான் என்னிடம் வரவேண்டியிருக்கிறது, அதுவும் ஒருமுறை வந்தால் முடிகிற விஷயம் இல்லை. அதனால் பயண நாட்களில் எங்கே போகிறான் என்று பார்க்காதீர்கள், போகிறானா என்று மட்டும் பாருங்கள். டயாபரில்தான் போவேன் என்றால் கொடுத்துவிடுங்கள். கழற்றிய டயாபரைத் திரும்பப் போட்டால் பழகியதெல்லாம் வீணாகிவிடும் என்ற பயம் வேண்டாம். கஷ்டப்பட்டுப் பழக்கிய அம்மாக்களுக்கு இது கேட்கப் பிடிக்காது, தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. குழந்தையைக் கழிப்பறைக்குப் பழக்குவதை 'பாட்டி ட்ரெயினிங்' (potty training) என்று நாம் சொல்லும்போது அது ஏதோ பாட்டியிடம் எடுக்கும் பயிற்சி போலத்தான் காதில் விழும். அப்படித்தான் இருந்தது நம் வீடுகளில். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே குழந்தையைக் குந்த வைத்து, பால் குடித்த கொஞ்ச நேரத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலியெழுப்பியவர்கள் நம் பாட்டிகள். அதில் விஷயம் இருக்கிறது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் ஒருமுறை அசைந்து கொடுக்கும். அதனால்தான் சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள் உட்கார வைத்தால் வேலை சுலபமாக முடிகிறது. பாதத்தில் பதிந்து குந்திய குழந்தைக்குப் பிடிமானமும் உண்டு, பயமும் இல்லை. ஹோட்டல் அறையில் பெரியவர்களின் வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்க, உள்ளே விழுந்துவிடுவோமோ என்று இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்காரும் குழந்தைக்குப் பிடிமானமும் இல்லை, பயமும் உண்டு. ஸ்டூல் இல்லாவிட்டால் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், சூட்கேஸைப் படுக்கப் போடுங்கள், ஏதாவது ஒன்றில் பாதம் ஊன்ற வேண்டும்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஜூனில் ப்ரீ கேஜி சேர்க்க வேண்டும், பள்ளியில் டயாபர் கூடாது என்கிறார்கள், அதனால் மே மாதத்துக்குள் பழக்கிவிட வேண்டும் என்று வருவார்கள். அதே மே மாதம்தான் குலதெய்வக் கோயில், ஊட்டி, இரண்டு கல்யாணம். இரண்டும் ஒன்றாக ஒத்துவராது. பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் 3 வயதுக்கும் இடையில்தான் தயாராகிறார்கள். 2 மணி நேரமாவது ஜட்டி காய்ந்திருக்கிறதா, நனைந்தால் சங்கடப்படுகிறதா, 'கக்கா', 'உச்சா' என்று ஏதோ ஒரு சொல்லில் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தாலும் டிக்கெட் போட்டாயிற்று என்றால் திரும்பி வந்து ஆரம்பியுங்கள். ஒரே விதிவிலக்கு, ஒரே வீட்டில் மூன்று வாரம் தங்கப்போகிறீர்கள், அங்கே பொறுமையான ஒரு பாட்டி இருக்கிறார் என்றால், அதைவிட நல்ல இடம் கிடையாது. தினம் ஓர் ஊர், தினம் ஒரு ஹோட்டல் என்று சுற்றும்போதுதான் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது.

ஏற்கெனவே பழகிக்கொண்டிருக்கும் குழந்தையோடு கிளம்புகிறீர்களா? வீட்டில் உட்காரும் அதே பிளாஸ்டிக் பாட்டிச் சட்டியையோ (potty) குட்டி சீட்டையோ கூடவே எடுத்துப் போங்கள். இடம் அடைக்கும்தான். சிப்ஸ் பாக்கெட்டுகள் போகிற பையில் அதுவும் போகட்டும். ரயிலில் கழிப்பறை ஆடும், கதவு படாரென்று அடிக்கும். வந்தே பாரத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று உறிஞ்சுகிற சத்தம் வரும், பெரியவர்களே ஒரு கணம் திடுக்கிடுவார்கள். குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு அப்புறம் ஃப்ளஷ் செய்யுங்கள். விமான நிலையத்திலும் மாலிலும் உட்கார்ந்திருக்கும்போதே தானாக ஃப்ளஷ் ஆகும் டாய்லெட்டுகள் உண்டு. பையில் ஒரு பிளாஸ்திரி வைத்திருந்து அந்த சென்சார் கண்ணில் ஒட்டிவிடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். இந்த ஒரு பிளாஸ்திரி யோசனைக்கு வந்த நன்றி வேறு எந்த மருந்துச் சீட்டுக்கும் எனக்கு வந்ததில்லை.

ரயில் கழிப்பறைக் குழியில் டயாபரைப் போடாதீர்கள். இப்போதிருப்பது பயோ டாய்லெட், அடியில் தொட்டி இருக்கிறது, அடைத்துக்கொள்ளும். பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

ராத்திரி பஸ் என்றால் நானே டயாபர் போடச் சொல்லிவிடுவேன். "இது பஸ் ஜட்டி, ஊர் வந்ததும் கழட்டிடலாம்" என்று குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இறங்கியதும் சொன்னபடி கழற்றுங்கள். குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். காரில் போனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஓடுகிற காரில் பெல்ட்டைக் கழற்றிப் பாட்டிச் சட்டியில் உட்கார வைக்கும் வீரமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

வழியில் தண்ணீர் கொடுக்காமல் கூட்டிப்போகும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. 'குடிச்சா ஒண்ணுக்கு வரும்' என்ற கணக்கு. அந்தக் கணக்கில் மலம் இன்னும் இறுகும், பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும் எளிதாக வரும். (கழுவும்போது முன்னாலிருந்து பின்னால். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.) தண்ணீர் குறைவு, கூடவே பிஸ்கட், முறுக்கு, அழுதால் பால். 5 நாள் இந்தச் சாப்பாடு சாப்பிட்டால் பெரியவர்களுக்கே கஷ்டம். கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, மதியம் சாதத்தோடு ஒரு கைப்பிடி கீரையோ அவரைக்காயோ, இவ்வளவு போதும். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

சொந்தக்காரர்கள் வீட்டில் இன்னொன்று நடக்கும். குழந்தை ஹாலில் ஒண்ணுக்குப் போய்விட்டால் பத்துப் பேர் சேர்ந்து 'ஷேம் ஷேம்' பாடுவார்கள். பாசத்தோடுதான் பாடுகிறார்கள். ஆனால் அன்று சாயந்திரமே அந்தக் குழந்தை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் நிற்கத் தொடங்கும், எடை மெஷினுக்குப் பின்னால் நின்றானே அந்தப் பையன் மாதிரி. பெரிய மாமாவையும் அத்தையையும் திருத்த உங்களால் முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "பரவால்ல, வா மாத்திக்கலாம்" என்று அவர்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இரவில் பாயை நனைப்பதை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 5 வயது வரை அதை நாங்கள் நோயாகவே பார்ப்பதில்லை.

ஊரில் இரண்டு நாள் போகவில்லை என்று தெரிந்ததும் யாராவது வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு வருவார்கள், அல்லது சோப்புத் துண்டோடு. ஒருவேளை அன்றைக்கு வெளியே வந்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே பயந்துபோய் மூடிவைத்திருக்கும் இடத்தில் நாம் வேறு கை வைத்தால், பயம் இரட்டிப்பாகும். விளக்கெண்ணெயும் வேண்டாம். பயணத்துக்கு முன்பே மலச்சிக்கல் உள்ள குழந்தை என்றால், கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்து லாக்டுலோஸோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ எடை பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடலில் தண்ணீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும் மருந்துகள் இவை. 'பழகிவிடாதா டாக்டர்?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பழகாது. பாதியில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

வயிறு உப்பி வாந்தி எடுத்தால், காய்ச்சலோடு சிறுநீர் போகும்போது அழுதால், ஊர் திரும்பும் வரை காத்திருக்காமல் அங்கேயே காட்டுங்கள். பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், முதல் மலமே 2 நாள் கழித்துத்தான் போனது என்றால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. பல மாதங்களாக நனைக்காத குழந்தை திடீரென்று நனைக்கத் தொடங்கி, கூடவே ஓயாமல் தண்ணீர் கேட்டு, உடம்பும் இளைத்தால், 'ஊர்த் தண்ணி ஒத்துக்கல' என்று விடாதீர்கள். அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய் சில குழந்தைகளிடம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிட வேலை.

அந்தப் பையனுக்கு அடைப்பை எடுக்கச் சில நாள் பிடித்தது, அப்புறம் 4 மாதம் மருந்து. தினம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 5 நிமிடம் உட்கார வைத்தார்கள், வந்தாலும் வராவிட்டாலும் எழுப்பிவிட்டார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் அம்மா போனில் தாத்தாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். தாத்தா புறவாசல் கழிப்பறைக்கு வெள்ளையடித்து, எல்இடி பல்பு மாட்டி, பேரன் கைக்கு எட்டும் உயரத்தில் தனியாக ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்துவிட்டார். பல்லி மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதாம். பையன் அதற்குப் பேர் வைத்திருக்கிறான்.