சக்கரம் தொடும் முன்பே தீர்ந்துபோகும் பாதை

சின்ன விமானம் தரையிறங்க எவ்வளவு தூரம் வேண்டும் என்றால் பலருக்கும் பிரேக்தான் நினைவுக்கு வரும். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. பயிற்சிப் பள்ளிகளில் சகஜமாகப் பார்க்கிற செஸ்னா 172எஸ் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். முழு எடை 2550 பவுண்டு, கடல்மட்டம், 15 டிகிரி செல்சியஸ், காற்று இல்லை என்று வைத்தால், 50 அடி உயரத்தில் வருவதிலிருந்து முழுசாக நிற்பதுவரை 1335 அடி என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. அதில் சக்கரம் உருளுவது 575 அடிதான். மீதி 760 அடி அந்தரத்திலேயே போய்விடுகிறது, அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை.

அந்த 760-ம் சும்மா கிடைப்பதில்லை. ஃபிளாப் (வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்பக்கம் கீழிறக்குகிற மடிப்பு) 30 டிகிரி, வேகம் சரியாக 61 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்), எஞ்சின் பவரை முழுக்கக் குறைத்து நல்ல சரிவாக இறங்கினால்தான் அது. வழக்கமான 3 டிகிரி சரிவில் வந்தால் 50 அடியிலிருந்து தரைக்கு வரவே சுமார் 950 அடி ஆகிவிடும், கடைசியில் மூக்கைத் தூக்கி மெதுவாக உட்காரவைக்கிற தூரம் அதற்கு மேல்.

அப்புறம் வேகம். "கொஞ்சம் கூட இருந்தால் பாதுகாப்புதானே" என்று 70 நாட்டில் வருபவர்கள் உண்டு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியை, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கினால் வருவதைப் பொறுத்தது, ஆகவே 9 நாட் கூடினால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் 32 சதவீதம் கூடுகிறது. மிதந்துகொண்டே போகிற தூரம் தனி. அமெரிக்காவின் லெட்வில் விமான நிலையம் 9934 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே விமானி எதுவும் செய்யாமலே இது நடக்கும்: மெல்லிய காற்றில் வேகமானி 61 காட்டும்போது உண்மை வேகம் 71-ஐ ஒட்டி இருக்கும்.

எனக்குப் பிடித்தது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கிற காற்றுக்கான திருத்தம். எதிர்க்காற்று என்றால் ஒவ்வொரு 9 நாட்டுக்கும் 10 சதவீதம் என்ற வீதத்தில்தான் கழிக்கலாம், பின்காற்று என்றால் வெறும் 2 நாட்டுக்கே 10 சதவீதம் கூட்டவேண்டும். இருமடிக் கணக்குப்படி 9 நாட் எதிர்க்காற்றில் உருளும் தூரம் கால்பங்குக்கு மேலேயே குறையவேண்டும், ஆனால் கையேடு அவ்வளவு தாராளம் காட்டாது. வானிலை அறிக்கையில் இருந்த காற்று நீங்கள் இறங்கும்போது அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது?

சரி, போட்டுப் பார்ப்போம். காய்ந்த புல்தரை, 4 நாட் பின்காற்று. 1335 அடியோடு 20 சதவீதம் சேர்த்தால் 1602. உருளும் தூரமும் 690 ஆகிறது, புல்லில் பிரேக் அவ்வளவாகப் பிடிக்காததால் அதில் 45 சதவீதம், 310 அடி, கூட்டவேண்டும். மொத்தம் 1912. இது புது விமானத்தைத் தேர்ந்த விமானி ஓட்டிய கணக்கு, நமக்கு அல்ல. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தனியார் விமானிகளை இதை 1.43-ஆல் பெருக்கச் சொல்கிறது. ஆக 2735 அடி.

ஓடுபாதை 2500 அடிதான் என்றால் அந்தப் பக்கமாக இறங்கக்கூடாது. சுற்றிப் போய் மறுமுனையிலிருந்து வந்தால் அதே 4 நாட் எதிர்க்காற்றாகிவிடும், எல்லாத் திருத்தமும் பெருக்கலும் போட்ட பிறகும் 2180 அடிக்குள் முடிந்துவிடும்.