காலைல ஆர்பிஎம் ஏறுதுன்னு ஸ்க்ரூவ திருப்பாதீங்க

ஆர்பிஎம்னா இன்ஜின் ஒரு நிமிஷத்துல சுத்தற சுத்துக் கணக்குங்க. காலைல அது ஏறுதுன்னு ஸ்க்ரூவ திருப்புன வண்டி ஒண்ணு மறுக்காவும் வந்துருச்சுங்க. பெருந்துறை பக்கமிருந்து, பழைய பெட்ரோல் கார், ஆக்சிலேட்டர மிதிச்சா கேபிள் இழுத்து காத்து வழிய தெறக்கற கேபிள் த்ராட்டில். ஏசி போட்டு சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுதாம். பானட்ட தூக்குனா, இன்ஜினுக்கு காத்து விடற த்ராட்டில் பாடில, அந்த வழி முழுசா மூடாம நிறுத்தற ஸ்டாப் ஸ்க்ரூல கம்பெனி வெச்ச பெயின்ட் சீல் உடைஞ்சு கெடக்குது, ஸ்க்ரூ தலை பூரா ஸ்பேனர் வழுக்குன தடம். கேட்டா, "காலைல எடுத்தா ஆர்பிஎம் 1500 ஓடுதுங்க, பெட்ரோல் குடிக்குமேன்னு குறைக்கச் சொன்னோம்"ங்கறாங்க.

ஏனுங்க, அது கோளாறே இல்லீங்க! ராத்திரி பூரா நின்ன இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் 1200, 1500ன்னு ஏறி நிக்கறதும், சூடு ஏற ஏற தானா 700, 800க்கு எறங்கறதும் வண்டி சரியா இருக்குதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல கார்புரேட்டர் வண்டிக்கு சோக்க கையில இழுத்தோமே, அந்த வேலைய இப்ப இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியுவே பாத்துக்குது, இன்ஜின குளுக்கற கூலண்டோட சூட்ட பாக்கற சென்சார் ஜில்லுன்னு இருக்குன்னு சொன்னா பெட்ரோலும் காத்தும் கூட விடும், சைலன்சர் லைன்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானாத்தான் பொகைய சுத்தம் பண்ணும், அதுக்கும் சேத்துத்தான் இந்த ஓட்டம். மார்கழில இன்னும் கொஞ்சம் அதிகமா, கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடும். ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துக்கு என்னங்க பெருசா பெட்ரோல் போயிரப்போகுது? அதைவிட, சூடாகட்டும்னு பத்து நிமிஷம் வாசல்லயே ஓடவிடறீங்களே, அதுலதான் வீணாப்போகுது.

ஸ்க்ரூவ எறக்குனா காத்து பத்தாம, ஏசி லோடு விழுந்ததும் இன்ஜின் நின்னுரும். வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு இருக்குது, அதுல ஒண்ணுல எறங்கறப்ப நின்னா என்னாகும்? ஸ்டீரிங் கல்லா இறுகிரும், ரெண்டு மூணு தடவ மிதிச்சதுக்கப்பறம் பிரேக்கும் கெட்டியாயிரும். புள்ளைகள வெச்சுக்கிட்டு போற வண்டிங்க அது.

நெசமாவே கோளாறுன்னா எப்படித் தெரியும்னா, டெம்பரேச்சர் ஏறினப்பறமும் ஆர்பிஎம் எறங்காது, இல்லாட்டி சும்மா நிக்கறப்ப மேலயும் கீழயும் ஆடும். இன்ஜின் காத்து உறிஞ்சற வேக்கம் பைப் வெடிச்சிருக்கலாம், த்ராட்டில் பாடில கரி புடிச்சிருக்கலாம், கூலண்ட் ஓட்டத்த தெறந்து மூடற தெர்மோஸ்டாட் தெறந்தே நின்னிருக்கலாம், கூலண்ட் கொறைஞ்சிருக்கலாம். கூலண்டுக்கு பதிலா போர் தண்ணி ஊத்தறத மொதல்ல நிறுத்துங்க, நம்மூரு உப்புத் தண்ணிக்கு சென்சார் முனைல வெள்ளையா படிஞ்சு போகுது.

ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் விட்டு மெதுவா எடுங்க, மொத ரெண்டு மூணு கிலோமீட்டர் ரேஸ் விடாதீங்க. ஷட்டர மூடி வெச்சுட்டு உள்ள ஓடவிடவே கூடாது, வர்ற பொகை ஆளையே கொன்னுரும். காலைல மட்டும் வர்ற கம்ப்ளைன்ட்னா, தயவுசெஞ்சு வண்டிய சூடா ஓட்டிட்டு வந்து "இப்பப் பாருங்க"ன்னு நிக்காதீங்க, முந்தின நாள் சாயங்காலமே விட்டுட்டு போங்க, நாங்க விடிஞ்சதும் முதல் ஸ்டார்ட்டிங்லயே பாத்துக்கறோம்.