கயிறு வரலையா? கார்பரேட்டரை விடுங்க, கியரைப் பாருங்க

படகோட பின்னால மாட்டற பழைய அவுட்போர்டு மோட்டார் வச்சிருக்கறவங்க புகார் பெரும்பாலும் ரெண்டுதான், ஒண்ணு ஸ்டார்ட் ஆகல, இன்னொண்ணு கியர் சரியா விழல. ரெண்டும் தனித்தனி கோளாறுன்னு நெனச்சு ஒருத்தர் கார்பரேட்டரைக் கழட்டுவார், இன்னொருத்தர் அடியில இருக்கற கியர் பெட்டியையே பிரிச்சுப் போடுவார். ஆனா பல மோட்டார்ல இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கோத்துக்கிட்டுத்தான் நிக்குது.

எனக்கே நடந்த கதை. ரெண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் ஒண்ணு, ஸ்டார்ட் பண்ற கயிறை இழுத்தா துளிகூட நகரல, சுவத்துல ஆணி அடிச்சுக் கட்டின மாதிரி. சரி, பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு, கதை முடிஞ்சதுன்னு நெனச்சுட்டேன். எதுக்கும் பாப்போம்னு ப்ளக் ரெண்டையும் கழட்டிட்டு மேல இருக்கற ஃப்ளைவீலைக் கையால சுத்தினா சுகமா சுத்துது! என்ஜின்ல ஒண்ணும் இல்ல, கயிறு மட்டும் பூட்டிக்கிட்டு நிக்குது. கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆனா படகு சட்டுனு பாய்ஞ்சு ஆளைத் தள்ளிடும்ங்கறதால, நியூட்ரல் இல்லேன்னா கயிறு சுத்துற டிரம்மை ஒரு சின்ன பின் தடுத்து நிறுத்துற மாதிரி வச்சிருக்காங்க. என் மோட்டார்ல லீவர் பாக்க நியூட்ரல்லதான் இருந்துச்சு, ஆனா லீவரையும் பின்னையும் இணைக்கற கம்பி அமைப்புல (லிங்கேஜ்) இருந்த பிளாஸ்டிக் புஷ் தேஞ்சு போனதால கம்பி முழுசா வந்து சேரல, ரெண்டு மில்லிமீட்டர் பாக்கி. அந்த ரெண்டு மில்லிமீட்டருக்குத்தான் நான் மோட்டாருக்குப் பாடை கட்டப் பாத்தேன்.

பட்டன் ஸ்டார்ட் மோட்டார்ல இதே வேலையை ஒரு சுவிட்ச் பண்ணும், பெரும்பாலும் கன்ட்ரோல் பாக்ஸ் உள்ளேயே இருக்கும். சாவியைத் திருப்பினா ஒரு டிக் சத்தம்கூட இல்லையா, லீவரை நியூட்ரல்லயே வச்சு லேசா முன்னாடி பின்னாடி ஆட்டிக்கிட்டே திருப்பிப் பாருங்க. சுத்திடுச்சுன்னா சுவிட்ச் இல்லேன்னா கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்தான். டிக்னு சத்தம் வந்தும் சுத்தலேன்னா அது வேற ரூட்டு: பேட்டரி, டெர்மினல்ல பூத்த பச்சை, எர்த் ஒயர், ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் விடற சோலனாய்டு. சுத்தும்போது பேட்டரியில மீட்டர் வச்சா 12 வோல்ட் பேட்டரி சுமாரா 9.6-க்குக் கீழ போகக்கூடாது.

இப்ப கியருக்கு வருவோம், இங்கதான் விஷயமே இருக்கு. நம்ம கார் மாதிரி கால்ல மிதிக்கற கிளட்ச் இதுல கிடையாது. மேலேருந்து வர்ற ஷாஃப்ட் நுனியில ஒரு சின்ன பல்சக்கரம், அது முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கியரையும் எப்பவுமே எதிரெதிர் திசையில சுத்த வச்சுக்கிட்டே இருக்கும், நியூட்ரல்லயும்தான். ரெண்டுக்கும் நடுவுல ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல டாக் கிளட்ச்னு ஒரு துண்டு வழுக்கி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போய்ப் பல்லோட பல் கோத்துக்கும். சுத்திக்கிட்டிருக்கற இரும்புல நிக்கற இரும்பு போய் மாட்டணும், அவ்வளவுதான், நடுவுல வழுக்கிக் குடுக்க ஒண்ணும் இல்ல. அதனால ஐடில்ல, அதாவது த்ராட்டில் குடுக்காம மெதுவா ஓட விட்டு, டக்குனு போடணும். பாவம் மோட்டாருக்கு வலிக்கும்னு மெதுவா, பதமா லீவரைத் தள்ளுறவங்கதான் அதைக் கெடுக்கறாங்க, ஏன்னா பல் பாதி கோத்தும் கோக்காமலும் கடகடன்னு உரசி முனை மழுங்கிடுது. அப்படிக் கெட்ட ஒரு டாக்கை கையில வாங்கிப் பாத்தேன், சதுரமா இருக்க வேண்டிய மூலையெல்லாம் பாதி கரைஞ்ச சோப்பு மாதிரி உருண்டு கெடந்துச்சு. அது கோத்தாலும் த்ராட்டில் முறுக்கினதும் எகிறி வெளிய வந்துடும்.

ஸ்டார்ட்டிங் கோளாறு இங்கயும் வந்து ஒட்டிக்கும் பாருங்க. கார்பரேட்டர் ஜெட்ல பழைய பெட்ரோல் பிசினாப் படிஞ்சோ, ஒரு சிலிண்டருக்கு ஸ்பார்க் வராமலோ ஐடில்ல என்ஜின் ஓடாம அணைஞ்சு போகும். ஆள் என்ன பண்ணுவார், ஐடில் ஸ்க்ரூவை ஏத்தி விட்டுடுவார். பல மோட்டார் கியர்ல இருக்கும்போது 650லேருந்து 800 ஆர்பிஎம் சுமாருக்கு ஓடணும், இவர் ஏத்தினது 1200, 1500. அப்புறம் கியர் போடும்போதெல்லாம் டமார்னு அடி, கொஞ்ச நாள்ல கியர் பாக்ஸ் போச்சுன்னு புலம்பல். கோளாறு மேல, செலவு கீழ.

மேல எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க மொதல்ல கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்ல பிஸ்டன் குடுக்கற அழுத்தம் பாருங்க, ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா மத்த வேலையெல்லாம் வீண். அடுத்து ஸ்பார்க், அதுக்கு முன்னாடி என்ஜினை அணைக்கற கில் சுவிட்ச்சோட பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க, அது இல்லாமலே அரை மணி நேரம் இழுத்தவங்க உண்டு (யாருன்னு கேக்காதீங்க). அப்புறம் பெட்ரோல்: டேங்க் மூடியில காத்துத் துளை திறந்திருக்கணும், பெட்ரோல் குழாய்ல இருக்கற ரப்பர் பம்ப் பல்ப்போட அம்பு என்ஜின் பக்கம் பாக்கணும், அமுக்க அமுக்க பல்ப் கெட்டியாகணும். கெட்டியே ஆகலேன்னா எங்கயோ காத்து இழுக்குது, இல்ல பல்ப்ல இருக்கற வால்வு போச்சு, ஓடும்போது தானா சப்பையாப் போனா டேங்க் பக்கம் அடைப்பு.

என்ஜின் ஓடாம இருக்கும்போது கியர் விழலேன்னு லீவரை முறுக்காதீங்க, பல்லுக்கு நேர் பல் நிக்கும், கம்பிதான் வளையும். ப்ளக் ஒயரைக் கழட்டிட்டு இன்னொருத்தரை ப்ரொப்பெல்லரைக் கையால லேசா திருப்பச் சொல்லிக்கிட்டே போட்டா க்ளக்னு உக்காரும். நியூட்ரல்ல அது ரெண்டு பக்கமும் ஃப்ரீயா சுத்தணும். வாட்டர் பம்ப் மாத்த அடிப்பாகத்தை இறக்கி ஏத்தினதுக்கு அப்புறம்தான் கியர் மக்கர் பண்ணுதுன்னா கியர் மாத்தற கம்பியோட (ஷிஃப்ட் ராடு) இணைப்பு ஒரு மரை மாறி உக்காந்திருக்கும். கியர் ஆயிலையும் வடிச்சுப் பாருங்க, பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி பூந்திருக்கு, இரும்புத் துணுக்கு வந்தா டாக்கோ கியரோ உடைஞ்சிருக்கு.

1968 வாக்கில வந்த சில ஜான்சன், எவின்ரூட் மோட்டார்ல மட்டும் கதை தலைகீழ். அதுல கியர் மாத்தறது கரன்ட்டும் ஆயில் பிரஷரும், நியூட்ரலுக்கும் ரிவர்ஸுக்கும்தான் கரன்ட் வேணும், கரன்ட் இல்லேன்னா அதோட இயல்பான இடம் ஃபார்வர்டு. ஒயர் அறுந்துபோன அந்த மாதிரி மோட்டாரை நியூட்ரல்னு நம்பி ஸ்டார்ட் பண்ணீங்கன்னா படகு நேரா முன்னாடிதான் பாயும்.