ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் பிரித்தானிய மன்னர் என்ன செய்வார்?

லண்டனிலோ கனடாவிலோ ஒரு பிள்ளை இல்லாத வீடு வன்னியில் குறைவு. அங்கே தேர்தல் என்றால் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் விடிய விடியப் போன் கதை நடக்கும். போன கிழமை பக்கத்து வீட்டு அண்ணை கேட்டார்: "அங்க ஒருத்தருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காட்டி, மன்னர்தானே ஆளைத் தெரிஞ்சு பிரதமராக்கிறவர்?"

பிரதமரை நியமிப்பது மன்னர்தான். ஆனால் ஆளைத் தெரிவது அவரில்லை.

பிரித்தானியப் பொதுச்சபையில் 650 ஆசனங்கள். பாதிக்கு மேல் என்றால் 326. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சியினர் வென்றாலும் சபையில் போய் இருப்பதில்லை. சபாநாயகரும் வழமையில் வாக்களிப்பதில்லை. அதனால் உண்மையில் அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும் ஆளலாம். எங்களுக்கு இருப்பதுபோல் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதிவைத்த அரசியலமைப்பு அங்கே கிடையாது. ஆட்சியமைக்கும் முறை பெரும்பாலும் மரபில்தான் ஓடுகிறது. அந்த மரபுகளைத் தொகுத்து 2011இல் அமைச்சரவைக் கையேடு என்று வெளியிட்டார்கள்.

தேர்தலில் அடிவாங்கினாலும், பதவியில் இருக்கும் பிரதமர் உடனே போகத் தேவையில்லை. அடுத்து யார் ஆளக்கூடியவர் என்று தெளியும்வரை அவர் இருக்கவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நாடு ஒரு நாளும் பிரதமர் இல்லாமல் இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். 2010 மே 6ஆம் திகதித் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306, தொழிற்கட்சிக்கு 258, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 57 ஆசனங்கள் கிடைத்தன. பிரதமராக இருந்த தொழிற்கட்சித் தலைவர் கோர்டன் பிரவுன் கதிரையை விடாமல் இருக்கிறார் என்று பத்திரிகைகள் ஏசின. அவரோ மரபுப்படிதான் நடந்தார்.

அந்த ஐந்து நாளும் மகாராணி ஒரு தலைவரையும் அழைத்துப் பேரம் பேசவில்லை. கட்சிகள் தங்களுக்குள் பேசின. கேட்ட தகவல்களை அரச அதிகாரிகள் கொடுத்தார்கள். இப்படியான வேளையில் அமைச்சரவைச் செயலாளர், பிரதமரின் தனிச்செயலாளர், அரண்மனையின் தனிச்செயலாளர் ஆகிய மூவரும் ஒருவரோடொருவர் தொடர்பில் இருப்பார்கள். அரண்மனைக்குச் செய்தி போகும். அரண்மனையிலிருந்து கட்டளை வராது. மே 11 மாலை பிரவுன் போய் விலகல் கொடுத்தார். சிறிது நேரத்தில் கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கமரூன் அரண்மனைக்குப் போய்ப் பிரதமராகத் திரும்பினார்.

1974 பெப்ரவரியிலும் இதே நிலைமை. பிரதமராக இருந்த எட்வேர்ட் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் கட்சி வாக்கில் முந்தியும் ஆசனத்தில் பிந்தியது: 297க்கு எதிராகத் தொழிற்கட்சிக்கு 301. 14 ஆசனங்களோடு இருந்த லிபரல் கட்சியோடு ஹீத் பேசிப் பார்த்தார், சரிவரவில்லை. மார்ச் 4ஆம் திகதி அவர் விலக, தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன் சிறுபான்மை அரசு அமைத்தார்.

எங்கள் ஆட்கள் குழம்புவது இன்னோர் இடத்தில். எங்கள் பிரதேச சபையில் ஒரு கட்சிக்கும் பாதிக்கு மேல் இல்லாவிட்டால், உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டம் கூட்டுவார்; உறுப்பினர்கள் வாக்களித்துத் தவிசாளரைத் தெரிவார்கள். பிரித்தானியாவில் முதலில் வாக்கெடுப்பு இல்லை. மன்னர் நியமிப்பார், நியமனம் பெற்றவருக்குச் சபையின் நம்பிக்கை உண்டா என்பது பிறகு, அரசின் திட்டங்களைச் சபையில் சொல்லும் மன்னர் உரை மீதான வாக்கெடுப்பில் தெரியும். பிரதமராக இருந்த ஸ்டான்லி போல்ட்வின் 1924 ஜனவரியில் அப்படித்தான் தோற்றார். தொழிற்கட்சியின் ராம்சே மக்டொனால்டுக்கு அழைப்புப் போனது.

கனடாவில் மன்னருக்குப் பதிலாக ஆளுநர் நாயகம் இருக்கிறார். மரபு ஏறத்தாழ ஒன்றுதான். 2025இல் லிபரல் கட்சிக்கு 343இல் 169 ஆசனங்கள், தேவையானது 172. மார்க் கார்னி ஏற்கெனவே பிரதமர் என்பதால் புதிதாக நியமிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். பிரித்தானியாவில் சட்டப்படி வசிக்கும் இலங்கைக் குடியுரிமைக்காரர், 18 வயதானவராக இருந்து பெயரைப் பதிந்தால், பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் அங்கே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். படிக்கப் போன பிள்ளைகள் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள். போனில் கதைக்கும்போது சொல்லிவிடுங்கள்.

மன்னரிடம் உண்மையாகவே ஏதும் பிடி மிச்சம் இருக்கிறதா? இருக்கிறதென்றால், அது கலைப்பில்தான். பிரதமர் கேட்டால் பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மன்னரிடம் திரும்பியது. இருக்கிற சபையிலேயே வேறொருவர் நியாயமான காலத்துக்கு ஆளமுடியும் என்றால் மறுக்கலாம் என்பது 1950இல் அரண்மனைச் செயலாளர் ஒருவர் பத்திரிகைக் கடிதத்தில் சொன்ன நியாயங்களில் ஒன்று.

இந்த நியாயம் எங்களுக்கு வெறும் பாடம் இல்லை. 1972 மே 22 வரை இலங்கைக்கும் மகாராணிதான் தலைவி. இங்கே அவர் சார்பில் மகாதேசாதிபதி. 1960 மார்ச் தேர்தலில் 151 ஆசனங்களுக்குப் போட்டி. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக, ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்காவைப் பிரதமராக்கினார். ஏப்ரல் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்க (அங்கத்தைய மன்னர் உரை போன்றது) வாக்கெடுப்பில் டட்லி தோற்றார். சுதந்திரக் கட்சி அரசமைத்தால் ஆதரிப்போம் என்று தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா மகாதேசாதிபதியிடம் உறுதி கொடுத்தார். இடதுசாரிகளும் சேர்ந்தால் கணக்குச் சரிவந்திருக்கும். ஆனால் தோற்ற பிரதமரின் ஆலோசனையை ஏற்று மகாதேசாதிபதி சபையைக் கலைத்தார்.

சட்டப்படி அது பிழை என்று சொல்லமுடியாது. என் மனதுக்கு அது பெரிய பிழை. மாற்று அரசு ஒன்று அவர் முன்னால் இருந்தது. அதைச் சபையில் பரீட்சித்துப் பார்க்க விட்டிருக்கவேண்டும். யூலையில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களோடு வந்தது. தமிழரசுக் கட்சியின் 15 பேரின் தயவில் ஆளவேண்டிய நிலை அதற்குப் பிறகு இல்லை. 1961 ஜனவரி முதல் சிங்களம் மட்டும் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் பிறகு வவுனியா, மன்னார் கச்சேரி வாசல்களுக்கும் வந்தது.