பழைய புல்லட்டில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: புது மாட்யூல் வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

கிருஷ்ணகிரியில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என்னிடம், பாயிண்ட் செட்டைக் (பொறிக்காகக் கரண்ட்டைத் துண்டிக்கும் இயந்திர ஸ்விட்சை) கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் பொருத்திய புல்லட்டுகளும் யெஸ்டிகளும் இப்போது அதிகமாக வருகின்றன. வண்டி நின்றுவிட்டது என்று கொண்டுவருபவர்களில் பலர், கிட்டின் எலக்ட்ரானிக் பெட்டியான மாட்யூலை இரண்டாவதாக ஒன்று வாங்கிக் கையோடு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது. நான் பிரித்துப் பார்த்தவரை, பழுது மாட்யூலுக்குள் இருப்பதைவிட, அதற்குக் கரண்ட் கொண்டுவரும் முப்பது நாற்பது ஆண்டுப் பழைய வயரிங்கில் இருப்பதே அதிகம்.

காரணம் எளிது. பிளக்குக்கு உயர் வோல்டேஜ் உண்டாக்கும் காயிலுக்குப் போகும் கரண்ட்டைப் பாயிண்ட் துண்டிக்கும் கணத்தில் பிளக்கில் பொறி விழுகிறது. பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினாலும் பொறி மங்குமே தவிர, நின்றுபோகாது. மாட்யூலுக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்கோ ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டும். பல மாட்யூல்கள் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பொறியை நிறுத்திவிடும். சில, தப்பான நேரத்தில் பொறி விட்டு, கிக்கரைக் காலில் திருப்பி அடிக்க வைக்கும். ஆகவே, பாயிண்ட்டில் இழுவை குறைவாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்த வண்டி, கிட் போட்ட மறுவாரமே அடியோடு நிற்கிறது. கிட்டின் மேல் பழி விழுவது அதனால்தான்.

முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள். வண்டி ஓடாத நிலையில், முழுச் சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 காட்ட வேண்டும். பிறகு மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை மாட்யூலுக்குள் நுழையும் சப்ளை வயரிலும் வைத்து, சாவியைப் போட்டுப் பாருங்கள். பேட்டரியில் உள்ள அளவுக்கும் இங்கே வரும் அளவுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இடையில் ஏதோ ஒன்று வோல்டேஜைத் தின்கிறது. சாவி ஸ்விட்ச், கில் ஸ்விட்ச், ஃப்யூஸ் ஹோல்டர் ஆகியவற்றோடு, பழைய புல்லட்டுகளில் ஹெட்லைட் கூட்டில் இருக்கும் ஆம்மீட்டரின் முனைகளையும் மறக்காமல் பாருங்கள். வண்டியின் கரண்ட் அதன் வழியாகவே போவதால், அதன் நட்டு தளர்ந்திருந்தால், குழியில் குலுங்கும்போது மட்டும் இன்ஜின் செத்துப் பிழைக்கும். பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு வண்டியில் மாட்யூல், காயில், பிளக் மூன்றையும் மாற்றிய பிறகும் இதே தொல்லை இருந்தது. அந்த நட்டைச் சுத்தம் செய்து இறுக்கியதோடு தீர்ந்தது. சந்தேகம் இருந்தால், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த ஒரு தனி வயரை நேராக மாட்யூலுக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். வண்டி சரியாக ஓடினால் மாட்யூல் நல்லது என்று தெரிந்துவிடும்.

எர்த்தையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அழகுக்காக ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் போட்டவர்களின் வண்டிகளில் எர்த் சரியாகக் கிடைக்காத தொல்லை மிகுதி, ஏனென்றால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் வயர் போட்டுவிடுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருந்தது, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் ஃபிரேமோடு இணைந்திருக்கும். 6 வோல்ட்டில் ஓடிய வண்டிகளும் உண்டு. இவற்றைப் பார்க்காமல் கிட்டை இணைத்தால் மாட்யூல் அந்த இடத்திலேயே எரியக்கூடும்.

அரை மணி நேரம் ஓடி நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பும் வண்டிதான் பலரைக் குழப்புகிறது. சூட்டில் காயிலின் அல்லது பிக்கப்பின் (பொறி விட வேண்டிய நேரத்தை மாட்யூலுக்குச் சொல்லும் சென்சாரின்) உட்சுற்று விட்டுப்போனால் இப்படி ஆகும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துப் பெட்ரோல் இறங்காவிட்டாலும் இப்படியேதான் ஆகும். நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் கிளம்பினால் இக்னிஷனைத் தொட வேண்டாம். இல்லையென்றால், சூடு ஆறுவதற்குள் ஒரு உபரி பிளக்கை இன்ஜினில் எர்த் செய்து பொறியைப் பாருங்கள். ஆறிய பிறகு அளந்தால் எல்லாமே சரியாகத்தான் காட்டும்.

பொறியின் மின்காந்த இரைச்சல் மாட்யூலைக் குழப்புவதும் உண்டு. பெரும்பாலான கிட்டுகளுக்கு 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் தேவை. பிக்கப் வயரை, காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஹை டென்ஷன் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பாயிண்ட்டோடு இருந்த பழைய கண்டென்சரைக் காயிலிலேயே விட்டுவைப்பதும் பரவலாகக் காணும் தவறு.

டைமிங்கில் எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. சில கிட்டுகள் அட்வான்ஸை, அதாவது வேகம் கூடும்போது பொறியை எவ்வளவு முன்கூட்டி விட வேண்டும் என்பதை, தாமே கணக்கிடுகின்றன. அவற்றைப் போடும்போது வண்டியின் பழைய எடைக்குண்டு அட்வான்ஸைப் பூட்டிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் இன்ஜின் தட்டும், நாளடைவில் பிஸ்டன் போகும். பொறி விழும் கணத்தை ஒளியால் காட்டும் ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்க்காமல் இந்த வேலையை முடித்துவிட்டதாக யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நல்ல மாட்யூலை நாமே கொல்லும் வழிகளும் இருக்கின்றன. பிளக்கை எர்த் செய்யாமல் அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக் அடிப்பது, பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டுவது, மாட்யூலைப் பிரிக்காமல் ஃபிரேமில் வெல்டிங் வைப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஓடும்போது பேட்டரியில் 14.5 வோல்ட்டுக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், முதலில் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகளுக்கு முன்னால் திடீரென்று நின்றுபோகும் வண்டி உயிருக்கே ஆபத்து என்பதால், மேலே சொன்ன சோதனைகளை நெடும்பயணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கழற்றிய பாயிண்ட் பிளேட்டையும் கண்டென்சரையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கழற்றும் முன் பிளேட்டின் நிலையை ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொண்டு, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் பாயிண்ட் இடைவெளி பார்க்க ஒரு ஃபீலர் கேஜுடன் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளுடன்) டூல் பாக்ஸில் வையுங்கள். அட்வான்ஸைப் பூட்டாத வண்டியாக இருந்தால், அவற்றை மாட்டிக்கொண்டே வீடு வந்து சேரலாம்.