வால்பாறை மலைப்பாதையும் தண்ணீரைத் திருப்பி ஏற்றும் கடம்பாறையும்

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர். இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தேயிலை வாசம் எங்கே முடிகிறது, பிரேக் வாசம் எங்கே தொடங்குகிறது என்பது மூக்குக்கே தெரிந்துவிடும். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே காரை நிறுத்துகிறவர்கள் பாதிப் பேர் வரையாட்டைப் பார்க்க நிறுத்துகிறார்கள்; மீதிப் பேர், சக்கரத்திலிருந்து ஏன் இப்படிக் கருகிய நாற்றம் வருகிறது என்று குனிந்து பார்க்க நிறுத்துகிறார்கள்.

அந்த நாற்றத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆட்களோடு சேர்த்து பஸ் 15 டன். அடிவாரத்துக்கும் வால்பாறைக்கும் உயர வித்தியாசம் 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும்போது அந்த பஸ் தன் எடைக்குள் சுமார் 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கீழே வந்து சேரும்போது அது இருப்பதில்லை. வழியில் எங்காவது செலவாகியிருக்க வேண்டும். டிரைவர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அத்தனையும் பிரேக் லைனிங்கிலும் டிரம்மிலும் சூடாகத்தான் போகும். 350 லிட்டர் தண்ணீரை அண்டா அண்டாவாகக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. லைனிங் ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் பிடிமானம் குறையும். அப்புறம் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி கேட்காது.

அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது. சின்ன கியரில் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. காற்றை இழுத்துத் தள்ளவும் உள்ளே இருக்கும் உராய்வைச் சமாளிக்கவும் இன்ஜின் படும் பாட்டிலேயே ஆற்றல் கரைகிறது. பெரிய வண்டிகளில் புகைக்குழாயையே ஒரு மூடியால் அடைத்து இன்ஜினை மூச்சுத் திணற வைக்கும் ஏற்பாடும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் சூடு சூடுதான், பிரேக்கில் போகாமல் ரேடியேட்டரிலும் புகையிலும் போகிறது. அந்த 33 யூனிட் யாருக்கும் பயன்படாமல் காட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது.

இதே மலையில், இதே உயரத்தை வீணாக்காமல் காசாக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். தண்ணீர்.

ஆனைமலையின் மேற்குச் சரிவில் கொட்டும் மழை அதன் போக்கில் விட்டால் அரபிக் கடலுக்குப் போய்விடும். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் அதை மறித்து, அணை அணையாக, சுரங்கம் சுரங்கமாகக் கிழக்கே திருப்புகிறது. மேல் நீராறு, கீழ் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று போகும் சங்கிலி. கேரளத்துக்கு உரிய பங்கில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு வழியாகப் போகிறது. பாசனத்துக்காகத் திருப்பிய தண்ணீர்தான். ஆனால் இவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணீரைச் சும்மா இறங்க விடுவானேன் என்று வழியில் சோலையாறு, சர்க்கார்பதி, ஆழியாறு மின்நிலையங்களை வைத்தார்கள். இவற்றில் தண்ணீர் ஒரே திசையில்தான் போகும், மேலிருந்து கீழே. பள்ளிக்கூடத்தில் படித்த நீர்மின்சாரம்.

கடம்பாறை அப்படியல்ல.

சாலையிலிருந்து பார்த்தால் கடம்பாறை தெரியாது. அட்டகட்டிப் பக்கத்திலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும், அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், விட்டாலும் மின்நிலையம் பாறைக்குள் குடைந்த குகைக்குள் இருக்கிறது. 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கியவை. மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. தேவைப்படும்போது மேல் அணைத் தண்ணீர் சுரங்கம் வழியே கீழே பாய்ந்து மின்சாரம் தரும். மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும்போது அதே இயந்திரங்கள் மோட்டாராக மாறி, அதே தண்ணீரைக் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கே ஏற்றிவிடும்.

ஒருமுறை பஸ்ஸில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கேட்டார். வேட்டியில் தேங்காய்க் கறை, பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. "ஏனுங் தம்பி, கரண்டப் போட்டுத் தண்ணிய மேல ஏத்தறாங்கொ. அதே தண்ணியக் கீழ உட்டுக் கரண்டு எடுக்கறாங்கொ. இதுல என்னங் மிச்சம்?"

மிச்சம் இல்லை, நஷ்டம்தான். 100 யூனிட் போட்டு ஏற்றினால் திரும்பக் கிடைப்பது 75, ரொம்ப நல்ல நிலையமானால் 80. பம்ப்பில் கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம், குழாய்ச் சுவரின் உராய்வில் கொஞ்சம், இறங்கும்போது மறுபடி இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று போய்விடும். அவரிடம் நான் கொப்பரையைத்தான் சொன்னேன். தேங்காய் வரத்து குவிந்து விலை படுத்துக் கிடக்கும்போது யாராவது அவசரப்பட்டு விற்பார்களா? உலர்த்தி, இருப்பு வைத்து, விலை ஏறினதும் எடுப்பார்கள். இருப்பில் எடை குறையும், பூச்சி கொஞ்சம் தின்னும். தின்றது போகத்தான் லாபம். மின்சாரமும் ஒரு விளைச்சல்தான். ஒரே வித்தியாசம், அதை மூட்டை கட்டி வைக்க முடியாது. உற்பத்தியாகும் அதே நொடியில் யாராவது செலவழித்தாக வேண்டும். கூடினால் மின்கட்டமைப்பின் துடிப்பு 50 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 50 முறைக்கு) மேலே போகும், குறைந்தால் கீழே விழும், இரண்டுமே ஆபத்து.

அனல் மின்நிலையத்தை ராத்திரி அணைத்து, காலையில் பற்றவைக்க முடியாது. கொதிகலன் சூடேறவே மணிக்கணக்கில் ஆகும். அதனால் ஊர் தூங்கும் நேரத்திலும் அது எரிந்துகொண்டே இருக்கும், வாங்க ஆள் இருக்காது. காற்றாலை இதைவிட மோசமான பிடிவாதக்காரன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்துவிட்டால் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் ராத்திரி இரண்டு மணி என்றும் பார்க்காமல் சுற்றும். அந்த வேண்டாத மின்சாரத்தை வாங்கி உயரமாக மாற்றி வைக்கிற இடம்தான் கடம்பாறை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு விளக்கும் மிக்ஸியும் ஓடும் நேரத்தில் வால்வைத் திறந்தால் போதும், சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மனப்பாடம் செய்துகொள்ள வசதியான ஓர் எண் இருக்கிறது: 367. ஒரு டன் எடை 367 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சரியாக ஒரு யூனிட். நம் மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் சரியாக ஒரு டன். அது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் மொத்தத் தண்ணீரும் கீழே விழுந்து தரக்கூடியது 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை மூன்று மணி நேரம் எரிக்கும் மின்சாரம், அவ்வளவுதான். வீட்டு டேங்கில் டர்பைன் வைக்கலாம் என்று யோசனை சொல்லும் வாட்ஸ்அப் வீடியோக்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும். கடம்பாறையில் இரண்டு அணைகளுக்கும் நடுவே உள்ள உயரம் ஏறத்தாழ அந்த 367-ஐ ஒட்டியதுதான். அதாவது டேங்குக்கு ஒரு யூனிட். சேதாரம் போக யூனிட்டுக்கு 1,100 லிட்டர் என்று வைத்தால், நான்கு இயந்திரமும் முழுவேகத்தில் ஓட நொடிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் தண்ணீர் பாய வேண்டும். கோடைகாலத்தில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பத்து லாரி.

சரி, இதை ஏன் மலையைக் குடைந்து பாதாளத்தில் வைக்க வேண்டும்? அழகாக வெளியே கட்டியிருந்தால் நாமும் பார்த்திருக்கலாமே? பதில், கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எந்த விவசாயிக்கும் தெரியும். கிணறு ஆழமானால் மோட்டாரை மேட்டில் வைத்து இழுக்க முடியாது. கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி, தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாக வேண்டும். பம்ப் தண்ணீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பம்ப் உண்டாக்கும் வெற்றிடத்துக்குள் வெளிக் காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு 10 மீட்டர்தான் எல்லை, நடைமுறையில் ஆறேழு மீட்டரிலேயே மூச்சு முட்டும்.

கடம்பாறை போன்ற வேகமான பெரிய பம்ப்புக்கு இந்தத் தொல்லை பல மடங்கு. சுழலும் இறக்கைகளின் பின்பக்கத்தில் அழுத்தம் சட்டென்று விழும். அழுத்தம் போதிய அளவு விழுந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே கொதிக்கும். குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பும். அவை அடுத்த கணம் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நசுங்கி வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஊசிமுனை அளவு இடத்தில் விழும் சுத்தியல் அடி. சில மாதம் இப்படி ஓடினால் வார்ப்பு எஃகு இறக்கை கரையான் அரித்த மரம் மாதிரி பொத்தல் பொத்தலாகிவிடும். இதைத் தடுக்க முக்கியமான வழி, இயந்திரத்தைக் கீழ் அணையின் நீர்மட்டத்துக்கும் கீழே, நன்றாக ஆழத்தில் வைப்பது. அப்போது தண்ணீர் தன் எடையாலேயே பம்ப்புக்குள் அழுந்தி நிற்கும், குமிழி கிளம்பாது. கீழே இறங்கு இறங்கு என்று போய்க் கடைசியில் பாறைக்குகையில் முடிகிறது கதை.

ஓர் இயந்திரமே இரண்டு வேலையும் எப்படிச் செய்கிறது என்பதும் தோட்டத்து மோட்டாரை வைத்தே புரியும். த்ரீ பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் போடுவார், திசை மாறிவிடும். இங்கேயும் அதேதான், ராட்சத சுவிட்சுகளில். டர்பைனாக ஒரு பக்கம் சுற்றும், பம்ப்பாக மறுபக்கம். ஆனால் தண்ணீர் நிரம்பிய நிலையில் அவ்வளவு பெரிய சக்கரத்தை நின்ற இடத்திலிருந்து கிளப்புவது சுலபமல்ல. அதனால் இவ்வகை நிலையங்களில் முதலில் அழுத்தக் காற்றைச் செலுத்திச் சக்கரத்தைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கீழே தள்ளிவிடுவார்கள். காற்றில் சக்கரம் இலகுவாக வேகம் பிடித்து 50 ஹெர்ட்ஸோடு தாளம் சேர்ந்த பிறகு, காற்றை விட்டுத் தண்ணீரை உள்ளே அனுமதிப்பார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. குழாயை வெடுக்கென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிவந்த தண்ணீர் திடீரென்று முட்டி நிற்கும் சத்தம் அது. அரை அங்குலக் குழாயில் டொக். மலைக்குள் ஓடும் சுரங்கத்தில், பல்லாயிரம் டன் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வை மூடினால் குழாயே பிளந்துவிடும். அதற்காக சுரங்கத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கிணறு வெட்டி வைப்பார்கள். முட்டிய தண்ணீர் அதில் ஏறி, ஆடி, அடங்கும். மலைப்பாதைகளில் சம்பந்தமே இல்லாமல் ஓர் உச்சியில் உருளையான கான்கிரீட் கோபுரம் நின்றால், அது குடிநீர்த் தொட்டியாக இல்லாமல் இந்தக் கிணற்றின் வாயாகவும் இருக்கலாம்.

கடம்பாறை கண்ணுக்குப் படாது என்பதால் வால்பாறைச் சாலையில் 'தொழிற்சாலை' என்று நாம் காண்பதெல்லாம் தேயிலைத் தொழிற்சாலைதான். தகரக் கூரை, மாடி மேல் மாடி, வரிசை வரிசையாக ஜன்னல். பழைய கட்டடங்களில் ஏன் அத்தனை ஜன்னல் என்று கேட்டால் பலர் வெளிச்சத்துக்கு என்பார்கள். காற்றுக்கு. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். அதை அப்படியே அரைத்தால் கீரைக் கடைசல்தான் கிடைக்கும். மேல்மாடித் தட்டுகளில் மெல்லப் பரப்பி, மலைக் காற்றை ஊடே ஓடவிட்டு, இலை துவளும்வரை வாட்ட வேண்டும். வாடிய இலை கீழ்த்தளத்துக்கு இறங்கும், சிடிசி என்னும் இயந்திரத்தின் உருளைப் பற்களுக்கிடையே நசுங்கிக் கிழிந்து சுருளும். அப்போது செல்கள் உடைந்து உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் பாலிஃபீனாலும் கலக்கும், காற்றின் ஆக்சிஜன் பட்டுப் பச்சை செம்பாகும். நறுக்கிய வாழைக்காய் கறுக்கிறதே, அதே வேதியியல்தான். ஒன்றரை மணி நேரத்துக்குள் சூடான காற்றில் உலர்த்தி அதை நிறுத்தாவிட்டால் சுவை போய்விடும். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். இப்போது வாட்டுவதற்கு விசிறி வைத்த நீளத் தொட்டிகள் வந்துவிட்டன, மேல்மாடிகள் பல இடங்களில் வெறும் கிடங்கு.

கொப்பரைக் கணக்கைக் கேட்ட பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். குரங்கு அருவி தாண்டியதும், "ஏத்தறது ராத்திரியிலயா, பகல்லயா?" என்றார். முன்பெல்லாம் ராத்திரி வேலை என்றேன். இப்போது சூரிய மின்சாரம் பெருகிவிட்டதால் வெயில் மிஞ்சும் மத்தியானமும் ஏற்றுவதற்கு நல்ல நேரம்தான். அவர் ஜன்னல் வழியே மணியையும் வெயிலையும் சேர்த்துப் பார்ப்பதுபோல மேலே பார்த்தார். பன்னிரண்டரை. "அப்ப நாம எறங்கறோம், தண்ணி ஏறுதாட்ட இருக்குது" என்றார்.

இருக்கலாம். பாறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. டிரைவர் இரண்டாவது கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தார். கடைசி வளைவு முடிந்து ஆழியாறு அணைத் தண்ணீர் பளபளக்கும்வரை பிரேக் வாசம் வரவே இல்லை.