தந்தை யார் என்று தெரியாதவருக்குப் பிறப்புப் பதிவேடு எவ்வளவு உதவும்?

தந்தை யார் என்று தெரியாமல் வளர்ந்த ஒருவர் அதைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அரசிடம் அவர் முதலில் கேட்க வேண்டியது தம் பிறப்புப் பதிவைத்தான். தந்தையைக் கண்டுபிடித்துத் தருவதற்கென்று நம் நாட்டில் தனித் திட்டமோ அலுவலகமோ கிடையாது. ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, உரிய கட்டணத்தைச் செலுத்தும் எவரும் ஒரு பிறப்பைப் பற்றிய பதிவைத் தேடித் தரும்படி பதிவாளரிடம் கேட்கலாம். தாயின் சம்மதக் கடிதத்தையோ நீதிமன்ற ஆணையையோ அந்தப் பிரிவு நிபந்தனையாக வைக்கவில்லை. தயங்கித் தயங்கி அலுவலக வாசலில் நிற்பவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: அவர்கள் கேட்பது சலுகையல்ல, சட்டம் தந்திருக்கும் உரிமை.

எங்கே கேட்பது என்பதில்தான் பலரும் முதலில் வழி தவறுகிறார்கள். பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரின் பதிவாளரிடமே பதிவு இருக்கும். பெற்றோர் குடியிருந்த ஊரில் இருக்காது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம் என்பதால், கணவர் வீட்டு ஊரில் தேடினால் பல நேரங்களில் எதுவும் கிடைக்காது. திருமணமாகாமல் கருவுற்ற பெண்ணாக இருந்தால், ஊரார் கண்ணில் படாமல் இருக்கத் தொலைவிலுள்ள நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டிருக்கவும் கூடும். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் சுகாதாரப் பிரிவிலும், கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்க வேண்டும். கிராமப் பதிவேடுகளில் பழையவை வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கும்.

தேடச் சொல்லும்போது தம் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்வது பெரும்பாலும் பயன் தராது. பிறந்து 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும் என்பதால், குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு முடிந்துவிடும். பழைய பதிவேடுகளில் பெயருக்கான கட்டத்தில் 'ஆண்' அல்லது 'பெண்' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லாத பக்கங்கள் ஏராளம். ஆகவே தாயின் பெயர், பிறந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு முன்னும் பின்னும் சில மாதங்கள், தெரிந்தால் மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடச் சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்லப்பட்ட பிறந்த நாள் நம்மில் பலருக்கு உண்டு என்பதால், பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை மட்டும் நம்பித் தேடக் கூடாது.

பதிவு கிடைத்த பிறகு அதைப் படிக்கும் முறைதான் முக்கியம். நமக்கு வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழ் பதிவேட்டின் சுருக்கமே. பிறந்த நாள், இடம், பாலினம், தாய் தந்தை பெயர், பிறப்பின்போது பெற்றோர் இருந்த முகவரி, நிரந்தர முகவரி, பதிவு எண், பதிவு செய்த நாள் ஆகியவை அதில் இருக்கும். தகவல் தந்தவர் யார் என்பது சான்றிதழில் வராது; அது பதிவேட்டில்தான் இருக்கும். தந்தையைத் தேடுபவருக்குத் தந்தை பெயருக்கான கட்டத்துக்கு அடுத்தபடியாக மிகவும் பயன்படுவது இந்தத் தகவல்தான் என்பது என் கருத்து. மருத்துவமனையில் நடந்த பிறப்பு என்றால் மருத்துவ அதிகாரியின் பெயர் இருக்கும். வீட்டுப் பிரசவம் என்றால் குடும்பத் தலைவரோ, நெருங்கிய உறவினரோ, அப்போது அந்த வீட்டில் இருந்தவர்களில் வயதில் மூத்தவரோ கையெழுத்திட்டிருப்பார். அன்று நடந்தது என்னவென்று தெரிந்த ஒரு மனிதரின் பெயரும் முகவரியும் அங்கே கிடைக்கின்றன. எனவே சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளாமல், பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகலையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் பெற்றுக்கொண்டு, தம்முடைய சொந்தப் பதிவு என்பதற்கான அடையாளச் சான்றோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். பிறப்பு அறிக்கையின் மற்றொரு பகுதியான புள்ளிவிவரப் பகுதியில் தந்தையின் படிப்பு, தொழில், மதம் ஆகியவை கேட்கப்படும் என்றாலும், அது கணக்கெடுப்புக்காக மட்டும் பயன்படுவது. தனி ஒருவரைப் பற்றி அதிலிருந்து விவரம் தரமாட்டார்கள்.

பதிவேட்டுப் பக்கத்தின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். பதிவில் பிழையோ மோசடியோ இருந்தது என்று தெரியவந்தால், பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி பதிவாளர் மூலப் பதிவை அழிக்காமல், ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பின்னாளில் தந்தை பெயர் மாற்றப்பட்டிருந்தால், முதலில் இருந்த பெயர் அந்தப் பக்கத்திலேயே நிற்கும் என்பது இதன் பொருள். அதேபோல, பிறந்து ஓராண்டுக்குப் பிறகு செய்யப்பட்ட பதிவு என்றால் அதற்கு நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) ஆணை தேவைப்பட்டிருக்கும். அந்த ஆணையின் பின்னே ஒரு மனுவும் உறுதிமொழிப் பத்திரமும் இருக்கும். யார் மனு செய்தார், குழந்தையோடு தமக்கு என்ன உறவு என்று சொன்னார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். பதிவு செய்த நாளுக்கும் பிறந்த நாளுக்கும் நீண்ட இடைவெளி இருந்தால் அந்தக் கோப்பைத் தேடிப் போவது வீணாகாது.

தந்தை பெயருக்கான இடம் காலியாக இருப்பது அலுவலகத்தின் பிழையல்ல. திருமணமாகாத தாயை, குழந்தையின் தந்தை பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தாய் மட்டும் விண்ணப்பித்தால் அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், தனித்து வாழும் பெற்றோரும் திருமணமாகாத தாயும் தாமே பிறப்பைப் பதிவு செய்ய வெளிப்படையாக இடம் தருகிறது. இவை தாய்மார்களைக் காக்கும் நல்ல ஏற்பாடுகள். பிள்ளைக்குத் தேடல் கடினமாகிறது என்பதற்காக இவற்றைக் குறை சொல்வது நியாயமாகாது.

காலியிடத்தைவிட ஏமாற்றக்கூடியது, நிரப்பப்பட்ட இடம். பதிவேட்டில் உள்ள தந்தை பெயர், அன்று தகவல் தந்தவர் சொன்ன பெயர். பதிவாளர் அதைச் சரிபார்த்து எழுதுவதில்லை. மகளுக்குப் பிறந்த குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் பிள்ளையாகவே பதிந்த குடும்பங்கள் உண்டு. தாய் பின்னர் மணந்துகொண்டவரின் பெயரையே தந்தை பெயராக எழுதியவர்களும் உண்டு. பதிவில் உள்ள பிறந்த நாளைக் குடும்பத்தினரின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பொருந்தாமை தெரியவரக்கூடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தடயம் தலைப்பெழுத்து. தந்தை பெயரின் முதலெழுத்தையே இனிஷியலாகப் போடும் வழக்கம் இருப்பதால், முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டிலோ பழைய மாற்றுச் சான்றிதழிலோ உள்ள இனிஷியல், தாய் பெயருக்கும் தாத்தா பெயருக்கும் வளர்த்தவர் பெயருக்கும் பொருந்தாமல் இருந்தால், அந்த எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிறித்தவக் குடும்பமாக இருந்தால் பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேடும் உதவும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, திருமணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை பெயரை எழுத, பொது ஆவணச் சான்று வேண்டும். இல்லையென்றால் பங்குத்தந்தையின் முன்பும் இரண்டு சாட்சிகளின் முன்பும் அந்த மனிதரே தம் தந்தைமையை ஏற்றுச் சொல்ல வேண்டும். ஆகையால் அங்கே ஒரு பெயர் இருந்தால் அதற்கு எடை அதிகம். மருத்துவமனையின் பிரசவப் பதிவேட்டில் தாயின் பெயரோடு 'க/பெ' என்று கணவர் பெயர் எழுதுவார்கள் என்றாலும், பழைய ஏடுகள் எல்லா மருத்துவமனைகளிலும் மிஞ்சியிருக்காது. நோயாளியின் விவரம் என்பதால் தரவும் தயங்குவார்கள்.

தத்துக் கொடுக்கப்பட்டவர்களின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழியாக வந்த பிள்ளைகளில் முதல் தலைமுறையினர் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். தத்தெடுத்த பிறகு வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழில் தத்தெடுத்தவர்களே தாயும் தந்தையுமாகக் குறிக்கப்படுவார்கள் என்பதால், அதிலிருந்து எதுவும் கிடைக்காது. தத்தெடுப்பு விதிமுறைகள் இவர்களுக்குத் தனி வழி வைத்திருக்கின்றன. 18 வயது நிறைந்தவர் மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையமான 'காரா'வின் இணையதளம் வழியாகத் தாமே விண்ணப்பிக்கலாம். தத்துக் கொடுத்த நிறுவனம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற அமைப்புகளில் உள்ள கோப்புகளிலிருந்து பதில் தேடப்படும். ஒப்படைக்கும்போது பெற்றவர் தம் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருந்தால், அவருடைய சம்மதம் பெற்றாக வேண்டும். வேறொருவர் இவர் சார்பில் தேடுவதற்கு விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு கோப்பை எடுத்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுச் சென்ற குழந்தை என்றால் கோப்பில் நாளும் இடமும் மட்டுமே இருக்கக்கூடும் என்பதையும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதைச் சட்டப்படி நிறுவ முடியுமா என்பது, தாய்க்கு அப்போது திருமணமாகியிருந்ததா என்பதைப் பொறுத்தது. திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முடிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை, அந்தக் கணவரின் குழந்தையே என்று சட்டம் முடிவாகக் கொள்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 112ஆவது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 116ஆவது பிரிவாக உள்ளது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை உடைக்க முடியும். மூத்த அரசியல்வாதி என்.டி. திவாரி மீது தொடரப்பட்ட வழக்கில் நீதிமன்றம் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிட்டு, 2012இல் முடிவு வெளியாகி, அவரே தந்தை என்று உறுதியானது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தாயின் திருமணம் நிலைத்திருந்த காலத்தில் பிறந்தவர் வேறொருவரைத் தந்தை என்று காட்டுவதற்காக டி.என்.ஏ. சோதனை கேட்டதை ஏற்கவில்லை. சோதனைக்கு அழைக்கப்படுபவரின் அந்தரங்கத்தையும் தாயின் கண்ணியத்தையும் அந்தத் தீர்ப்பு எடைபோட்டது. தாய்க்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை என்றால் இந்தத் தடை எழாது. குழந்தை சிறுவயதினராக இருக்கும்போது, திருமணத்துக்கு வெளியே பிறந்திருந்தாலும், தந்தையிடம் ஜீவனாம்சம் கோரும் வழக்கிலேயே தந்தைமை பற்றிய கேள்வியை எழுப்பலாம்.

தம் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயரைப் புதிதாகச் சேர்க்க விரும்புபவர், அந்த மனிதர் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் அந்த ஆவணத்தோடும் தாயின் உறுதிமொழிப் பத்திரத்தோடும் பதிவாளரை அணுகலாம். அவர் மறுத்தாலோ இறந்திருந்தாலோ நீதிமன்றத்தில் உறவை அறிவிக்கக் கோரும் வழக்குத் தொடர்ந்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பெயரைத் தெரிந்துகொள்வது மட்டுமே நோக்கமாக இருந்து, தாய் உயிரோடு இருந்தால், எந்த விண்ணப்பத்தையும் எழுதுவதற்கு முன்பு அவரிடம் தேடப் போவதாகச் சொல்லிவிடுவது நல்லது. ஊர் அலுவலகத்தில் ஒரு பழைய பதிவேடு பிரிக்கப்பட்டால் அந்தச் செய்தி அன்றே தெருவுக்கு வந்துவிடும். அதை அவர் பிறர் வாயால் கேட்க நேரக் கூடாது.